'ட்ரை' மட்டும் மிஞ்சியபோது

அன்பான என் வீட்டுக்காரருக்கு,

நாங்கள் நலம். குரோம்பேட்டையில் இந்த வருஷம் மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. தெருமுனையில் வழக்கம்போலத் தண்ணீர் நிற்கிறது, நம் வாசல்வரை வரவில்லை. கவி தீபாவளிக்கு வந்து நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பக் கோயம்புத்தூர் போயிருக்கிறாள். இளைத்துத்தான் இருக்கிறாள். கேட்டால் ஹாஸ்டல் சாப்பாட்டைக் குறை சொல்கிறாள்.

இந்தக் கடிதத்தை ரேவதி மேடம் கேட்டதால் எழுதுகிறேன். உங்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த அதே ரேவதி மேடம்தான். பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களின் வீட்டு ஆட்களை இப்போது சனிக்கிழமைகளில் ஒன்றாக உட்காரவைத்துப் பேசச் சொல்கிறார். புதிதாக வருகிறவர்கள் படிக்கிற மாதிரி உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்றார். நானும் எழுத உட்கார்ந்தேன். "என் கணவர்" என்று ஆரம்பித்தால் அதற்குமேல் ஓடவில்லை. உங்களிடமே பேசுவதுபோல எழுதினால் வருகிறது. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குச் சொல்லப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் இல்லையா?

திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் நீங்கள் சூப்பர்வைசர். மெஷின்களுக்கு இரும்புத் தகட்டில் பெட்டியும் மூடியும் செய்து கொடுக்கிற இடம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு உள்ளே போனவர், கடைசிவரை அங்கேயே இருந்தீர்கள். இங்கிலீஷ் பேச உங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் ஒரு வார்த்தை மட்டும் நாக்கு நுனியிலேயே இருக்கும். கஸ்டமர் யாராவது வந்து நின்று, வெள்ளிக்கிழமைக்குள் சரக்கு வேண்டும் என்றால், "ட்ரை பண்ணலாம் சார்" என்பீர்கள். உங்களோடு வேலை பார்த்த பாஸ்கர் சொல்வார், அண்ணன் ட்ரை பண்ணலாம் என்று சொல்லிவிட்டால் சரக்கு வண்டி ஏறிவிட்டது என்று அர்த்தம் என்று.

வீட்டில் அதே வார்த்தைக்கு வேறு அர்த்தம். மேடவாக்கத்தில் என் தங்கை வீட்டு விசேஷத்துக்கு வருவீர்களா என்று கேட்டால், "ட்ரை பண்றேன்." முகம் காலண்டர் பக்கம் திரும்பியிருக்கும். அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிடும், நான் தனியாகத்தான் பஸ் ஏற வேண்டும் என்று. இல்லை என்று யாரிடமும் நேராகச் சொல்ல உங்களுக்கு வாய் வராது. முகம் கோணாமல் மறுப்பதற்கு அந்த ஒரு வார்த்தையை வைத்திருந்தீர்கள். நாம் மட்டுமா, தெருவில் எல்லோரும் அப்படித்தான். முயற்சி செய்கிறேன் என்று சொல்லி யாராவது ஒரு கல்யாணத்துக்கு வராமல் இருந்திருக்கிறார்களா? ட்ரை பண்றேன் என்று சொல்லிவிட்டு எத்தனை பேர் வரவில்லை?

நம் பெண் கவிக்கு நீங்கள் சொன்ன ட்ரை இன்னொன்று. ஸ்கூட்டி ஓட்டப் பயந்துபோய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு அழுதாளே, அப்போது "ட்ரை பண்ணும்மா, பின்னாடியேதான் வர்றேன்" என்றீர்கள். அந்த வெயிலில் வண்டிக்குப் பின்னாலேயே ஓடினீர்கள்.

நீங்கள் விழுந்த நாள் ஒரு சாதாரண வேலைநாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து எழுந்தவரின் கையிலிருந்து அளக்கிற டேப் நழுவி விழுந்திருக்கிறது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே வலப்பக்கமாகச் சரிந்துவிட்டீர்கள். பாஸ்கர் உங்களைக் கம்பெனிச் சரக்கு ஏற்றுகிற குட்டியானை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். நான் ஜி.எஸ்.டி. ரோட்டுத் துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். போன் வந்ததும் எதிரே நின்ற பெண்ணிடம் பாதி பில்லைக் கொடுத்துவிட்டு ஓடினேன் என்று பிறகு கடையில் சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

உயிருக்குப் பயமில்லை என்றார்கள். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சும் இல்லை. கண் மட்டும் என்னையும் கவியையும் மாறி மாறிப் பார்த்தது. சில நாள் கழித்து ஒரு காலையில் வாயைத் திறந்து, தெளிவாக, "ட்ரை" என்றீர்கள். நர்ஸ் அதை வாய் காய்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு ஸ்பூனில் தண்ணீர் விட்டார். கவி நர்ஸின் கையைத் தட்டிவிட்டாள். அப்பா ட்ரை பண்றேங்கிறார், மனசு தளரவில்லை, சீக்கிரம் எழுந்துவிடுவார் என்று எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னாள். நானும் நம்பினேன்.

மத்தியானம் போர்வையைக் காட்டி, "ட்ரை." சாயங்காலம் உங்களைப் பார்க்க வந்த பாஸ்கரைப் பார்த்து, "ட்ரை." என் பேரைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். உதடு நடுங்கியது, நெற்றி சுருங்கியது, வந்தது அதேதான். அப்போதுதான் ரேவதி மேடத்தைத் தேடி ஓடினேன்.

ரேவதி மேடம் விளக்கினார். மூளையில் பேச்சுக்கான இடம் அடிபட்டால் சிலருக்கு ஒரே ஒரு வார்த்தை தங்கிவிடுமாம். மனசுக்குள் நினைப்பது எல்லாம் இருக்கும். வெளியே வருகிறபோது அந்த ஒன்றுதான் வரும். ஆமாம், இல்லை என்று தலையாட்டுவதைக்கூட அப்படியே நம்பாதீர்கள், அதுவும் மாறிப்போகும் என்றார். ஏன் இந்த வார்த்தை என்று கேட்டேன். சொல்ல முடியாது, சிலருக்குக் கெட்ட வார்த்தை நின்றுவிடும், வீட்டில் தலைகாட்ட முடியாது, உங்களுக்குப் பரவாயில்லை என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு நான் உங்கள் பேச்சைக் கற்றுக்கொண்டேன். இரண்டு தடவை வேகமாக வந்தால் பாத்ரூம். இழுத்து வந்தால் டி.வி. சத்தம். காப்பி ஆறிவிட்டால் கடைசியில் ஒரு இறக்கம் இருக்கும். எல்லாம் சரியாகப் பிடிபட்டது என்று சொல்ல மாட்டேன். ஒருநாள் நீங்கள் ஜன்னலைக் காட்டிக் காட்டிச் சொன்னீர்கள். நான் மூடினேன், திறந்தேன், திரையை இழுத்துவிட்டேன். எதிலும் சமாதானம் இல்லை. தட்டை இடக்கையால் தள்ளிவிட்டீர்கள், சாம்பார் சாதம் தரையெல்லாம். அப்புறம் நீங்களே அழுதீர்கள். ஜன்னலில் என்ன இருந்தது? இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு நாள் கவியிடம், அந்த வார்த்தைக்கு இங்கிலீஷில் சரியாக என்னதான் அர்த்தம் என்று கேட்டேன். முயற்சிதான்மா என்றாள். அப்புறம் போனில் தேடிவிட்டு அடுக்கினாள். டிரஸ் போட்டுப் பார்க்கிறதும் ட்ரை, புதுச் சாப்பாட்டை ருசி பார்க்கிறதும் ட்ரை, கோர்ட்டில் கேஸ் விசாரிப்பதும் அதுதான், ஒருவருடைய பொறுமையைச் சோதிப்பதும் அதுதான். கடைசியில் சொன்னதைக் கேட்டு நான் உங்களைப் பார்த்தேன். உங்களுக்கும் புரிந்தது. வாயின் இடது பக்கத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

அவள் இன்னொன்றும் சொன்னாள். அந்த வார்த்தைக்குப் பின்னால் வருவது மாறினால் அர்த்தமும் மாறுமாம். கதவைத் திறக்க முயல்வது வேறு, திறந்துதான் பார்ப்போமே என்பது வேறு. இது நம்மிடமே இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. பேசப் பார்த்தார் என்றால் பேச்சு வரவில்லை என்று அர்த்தம். பேசிப் பார்த்தார் என்றால் பேசிவிட்டார், பலன்தான் தெரியாது. ரேவதி மேடம் உங்களிடம் "பேசிப் பாருங்க சார்" என்பார். நீங்கள் ஒவ்வொரு நாளும் பேசப் பார்த்தீர்கள்.

இனி உங்கள் அக்கா விஷயத்தை எழுத வேண்டும். உங்கள் அக்காவை நான் குறைசொல்ல எழுதவில்லை. தாம்பரத்திலிருந்து வாரத்துக்கு ஒருமுறையாவது வந்து, உங்கள் காலை மடியில் போட்டுக்கொண்டு எண்ணெய் தேய்ப்பார். அம்மா இல்லாத வீட்டில் உங்களை வளர்த்தவர். தம்பி கண் மூடுவதற்குள் கவி கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருக்கு ஒரு தவிப்பாகவே ஆகிவிட்டது. தன் வீட்டுக்காரர் வழியில் ஒரு பையனையும் பார்த்துவைத்திருந்தார். நல்ல பையன்தான். கவிக்கு அப்போதுதான் காலேஜ் முடியப் போகிற நேரம். கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று வேலைக்கு எடுத்திருந்தது. இரண்டு வருஷமாவது வேலைக்குப் போகிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அந்தப் பையன் வீட்டில் பெண்ணை வெளியூர் வேலைக்கு அனுப்புவதாக இல்லை.

உங்கள் அக்கா நேராக உங்களிடமே கேட்டார். இந்தச் சம்பந்தம் உனக்குச் சம்மதம்தானே தம்பி என்றார். நீங்கள் "ட்ரை" என்றீர்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்பி வாயாலேயே சரி என்று சொல்லிவிட்டான் என்றார். நான் அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்தேன். அது காலண்டர் பக்கம் திரும்பியிருந்தது.

அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இது சம்மதம் இல்லை என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை.

"நீ இன்னா, அவன் மனசுக்குள்ள பூந்து பாத்தியா?" என்றார். "அவன் என் தம்பி. எனக்குத் தெரியாதா?"

உள்ளே போய்ப் பார்த்தவள் இல்லையே நான். அதற்குள் அவர் பையன் வீட்டில் சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருகிறார்கள் என்று போன் வந்தது. கவி என்னோடு பேசவில்லை. அப்பா சரி என்று சொல்லியிருந்தால் செய்துகொள்கிறேன், ஆனால் அப்பா சொன்னாரா என்று மட்டும் கேட்டாள்.

அன்று நம் ஹாலில் உட்கார இடமில்லை. தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். வெற்றிலை பாக்கு, பழம், மல்லிகைப் பந்து, ஒரு புடவை. நீங்கள் ஜன்னல் ஓரத்து நாற்காலியில், சலவைச் சட்டையில். கவி உள்ளே. பையனுடைய அம்மா பூவைக் கையில் எடுத்து, பெண்ணைக் கூப்பிடுங்கள் என்றார். இதற்குமேல் தள்ளிப்போட முடியாது என்று நான் பேசினேன். மன்னிக்க வேண்டும், இதில் அவருக்கு விருப்பமில்லை என்று நினைக்கிறேன் என்றேன்.

உங்கள் அக்காதான் முதலில் பேசினார். "அவன் வாயால சொன்னானே, நான் கேட்டேனே."

"அவர் வாயில இருக்கிறதே அது ஒண்ணுதான்க்கா," என்றேன். "எது கேட்டாலும் அதுதான் வரும்."

பையனின் அம்மா பூவைத் தட்டிலேயே வைத்துவிட்டு, அப்படியென்றால் அவரையே இன்னொரு தடவை கேட்டுவிடுவோம் என்றார். உங்கள் அக்கா கேட்டார். "ட்ரை" என்றீர்கள். நான் மாற்றிக் கேட்டேன், கவி வேலைக்குப் போகட்டுமா என்று. அதற்கும் "ட்ரை." எனக்கு இரண்டும் வேறு வேறாகத்தான் கேட்டது. மற்றவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

நீங்கள் நாற்காலிக் கையை இடக்கையால் அழுத்தி எழுந்தீர்கள். நான் பிடிக்க வந்தேன், வேண்டாம் என்று தோளால் தள்ளினீர்கள். வாக்கரைக்கூட எடுக்கவில்லை. சுவரைத் தொட்டுக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்து, தட்டுகள் இருந்த இடத்துக்கு வந்தீர்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். பூவும் பழமும் இருந்த தட்டை இடக்கையில் எடுத்தீர்கள். தட்டு சாய்ந்தது, இரண்டு ஆரஞ்சு உருண்டு ஓடிவிட்டன. அதைப் பையனுடைய அம்மாவின் மடியில் வைத்தீர்கள். வலது கை வராது, அதனால் இடக்கையை மட்டும் நெஞ்சில் வைத்துத் தலை குனிந்து, மிக மெதுவாக, "ட்ரை" என்றீர்கள்.

மன்னிப்புக் கேட்கிறீர்கள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது.

அந்த அம்மாவை நான் மறக்க மாட்டேன். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "பரவாயில்ல சார், உக்காருங்க. பொண்ணு வேலைக்குப் போகட்டும்," என்றார். கவி உள்ளேயிருந்து ஓடிவந்து உங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் காப்பி கொடுக்க வேண்டும் என்பதுகூடத் தோன்றவில்லை. மேடவாக்கத்துத் தங்கைதான் கலந்து கொடுத்தாள்.

உங்கள் அக்கா சாப்பிடாமல் போய்விட்டார். பல மாதம் வரவில்லை. நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும்.

கவி கோயம்புத்தூர் போனாள். தினமும் சாயங்காலம் போன் செய்வாள். அவள் ஆபீஸ் கதையெல்லாம் சொல்ல, நீங்கள் நடு நடுவே "ட்ரை" என்று ஏற்றி இறக்கிச் சொல்ல, அரை மணி நேரம் போகும். பக்கத்து அறையிலிருந்து கேட்டால் அப்பாவும் பெண்ணும் ஏதோ வாக்குவாதம் செய்வது போலவே இருக்கும். ரேவதி மேடம் விடாமல் வேலை வாங்கியதில் இரண்டாவது வார்த்தை ஒன்றும் வந்தது. "வேணாம்." வந்தவுடன் எல்லாவற்றுக்கும் அதுதான். காப்பி வேணாம் என்பீர்கள், டம்ளரை நீட்டிக்கொண்டே. வாழ்நாள் முழுக்க யாரிடமும் சொல்லாத வார்த்தை, சேர்த்துவைத்துச் சொல்கிறீர்களோ என்று நினைத்துக்கொள்வேன்.

உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது உங்கள் அக்கா வந்தார். நான்தான் சொல்லி அனுப்பினேன். வந்ததும் வராததுமாகப் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார். நீங்கள் அவர் கையைப் பிடித்து "ட்ரை" என்றீர்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"இப்ப இன்னா சொல்றான்மா?"

"எனக்கும் தெரியலக்கா. நீங்களே கேளுங்க."

அவர் கேட்டார். தண்ணியா, தலையணையா, கவியா என்று ஒவ்வொன்றாக. பிறகு, என்மேல் கோபமா என்று கேட்டார். நீங்கள் "வேணாம்" என்றீர்கள். அவர் உங்கள் கையை விடாமல் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நான் குறுக்கே போகவில்லை.

பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தபோது உடம்பு தாங்கவில்லை. ஒரு காலையில் பால் வைக்க எழுந்தேன். என்னைப் பார்த்து "ட்ரை" என்றீர்கள். வேகமாகவும் இல்லை, இழுப்பும் இல்லை. இதோ வந்துவிட்டேன் என்று சொல்லி உள்ளே போனேன். திரும்பி வந்தபோது கண் சொருகியிருந்தது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் நீங்கள் கண் திறக்கவில்லை. அது என்ன வார்த்தை? கவியும் கேட்கிறாள், உங்கள் அக்காவும் கேட்கிறார். தெரியாது என்றுதான் சொல்கிறேன். ஏதாவது நல்லதாகச் சொல்லி அவர்கள் மனசை ஆற்றலாம். உங்கள் பேச்சில் நீங்கள் சொல்லாததை நான் சேர்க்க வேண்டாம் என்று இருக்கிறேன்.

இப்போதைய செய்திகள். பாஸ்கர்தான் அங்கே சூப்பர்வைசர். உங்கள் அக்கா மாதத்துக்கு ஒருமுறை வந்து தங்குகிறார். கவிக்குக் கல்யாணம் எப்போது என்று இப்போதெல்லாம் கவியிடமே கேட்கிறார். அவளும் சிரித்துக்கொண்டு ஏதோ பதில் சொல்கிறாள். நான் கடைக்குப் போகிறேன். முட்டிவலி இருக்கிறது, அதிகமில்லை.

சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் பள்ளிக்கரணையிலிருந்து லில்லி என்று ஒரு பெண் வருகிறாள். கவியைவிடக் கொஞ்சம் பெரியவள். வீட்டுக்காரர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். இப்போது சக்கர நாற்காலியில். அவரிடம் தங்கிய வார்த்தை "அம்மா". முதல் தடவை வந்தபோது லில்லி என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"என்னைப் பாத்தே அம்மாங்கிறார்க்கா. ரோட்ல எல்லாரும் திரும்பிப் பாக்கிறாங்க. எனக்கு வெக்கமா இருக்கு. என்ன பண்றது?"

எனக்குப் பெரிய யோசனை எதுவும் தெரியாது. கூப்பிட்டால் திரும்பிப் பார், ஒவ்வொன்றாகக் கேள், அவர் முடிக்கிறவரை நில், அவர் சொன்னதாக யாராவது வந்து சொன்னால் உடனே நம்பாதே என்றேன். அவள் தலையாட்டினாள். கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை.

போன சனிக்கிழமை அவர்கள் கிளம்பும்போது நான் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். லில்லி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வேகமாகப் போனாள், ஆட்டோ காத்துக்கொண்டிருந்தது. அவர் "அம்மா" என்றார். அவள் நிற்கவில்லை. மறுபடியும், "அம்மா." வராண்டாவில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அவள் முகம் சிவந்து நின்றாள், முன்பக்கம் வந்தாள், அவர் எதிரே குனிந்து என்ன என்று கேட்டாள். அவர் இடக்கையைக் கீழே காட்டினார். அவளுடைய புடவைத் தலைப்பு சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னும் நாலடி தள்ளியிருந்தால் அவளே விழுந்திருப்பாள். தலைப்பைக் கிழியாமல் எடுப்பதற்கு நானும் உட்கார்ந்தேன். லில்லி அழுதுகொண்டே சிரித்தாள். அவர் அவள் தலைமேல் கை வைத்துக்கொண்டு, "அம்மா, அம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மழை பெய்தாலும் போவேன். லில்லி கடைகண்ணிக்குப் போய்வரட்டும், நான் அவர் பக்கத்தில் இருந்துகொள்கிறேன். அவர் கூப்பிட்டால் எழுந்து போய் எதிரே நின்று, என்ன வேணும் என்று கேட்பேன். புரிகிறவரை கேட்பேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

உங்கள் மனைவி, கவியின் அம்மா,
சாந்தி